கை நோகுதாம்

என் மனுசன் என்னோடு கதைப்பதை நிறுத்தி ஏழு மாதமாகிறது. பிறந்ததிலிருந்து காதும் கேளாத, வாயும் பேசாத ஆள் கதைப்பதை நிறுத்திவிட்டார் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். முந்தி மட்டும் கதைத்தவரோ என்று என் சொந்த மச்சாளே கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? பதினான்கு வருடமாக அந்த மனுசன் என்னோடு கதைத்ததில் பாதியைக்கூட அவளுடைய புருசன் அவளோடு கதைத்திருக்க மாட்டான்.

என் மனுசன் றெக்சன் பள்ளிக்கூடம் போகாதவர். சண்டைக்காலம், பாதை பூட்டு, மாமிக்குப் பிள்ளையைத் தூர அனுப்பப் பயம். அதனால் தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு மூலையில் நின்று ஒருவர் கையால் காட்டுவாரே, அந்தப் பாஷை இவருக்குத் தெரியாது. இவர் கதைப்பதெல்லாம் பாலையூற்று வீட்டில் நானும் இவரும் இருந்து உண்டாக்கியது. வலது கையின் இரண்டு விரலைப் புருவத்தில் இழுத்தால் அது நான். சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்த தழும்பு எனக்கு அங்கே இருக்கிறது. தாடையைத் தடவினால் இவரோடு வேலை செய்த முனீப் நானா. மூக்கைப் பொத்தினால் ஐஸ் ஆலை முதலாளி. அந்த ஆள் பூசுகிற சென்ற் அப்படி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் இவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தே என் சோறு ஆறிப்போகும்.

வெளியில் நான்தான் இவருக்கு வாய். ஆஸ்பத்திரி, விதானையார் வீடு, சந்தை, எல்லா இடத்துக்கும் நான் போக வேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் தனியே போவார். தனக்கு விளங்காவிட்டாலும் ஆண்டவருக்கு விளங்கும் என்று பங்குச் சுவாமியே சொல்லிவிட்டார். ஆனால் உள்ளதைச் சொன்னால், நான் ஒருநாளும் இவர் சொன்னதை அப்படியே சொன்னதில்லை. மீன் கடையில் நின்று, இவன் கள்ளன், இது நேற்றைய மீன் என்று காட்டுவார். கொஞ்சம் குறைக்க ஏலாதோ என்று கேட்கிறார் என்று நான் சொல்லுவேன். மீன்காரன் சிரித்துக்கொண்டு இரண்டு மீனைக் கூடப் போடுவான். அவன் சிரித்ததைக் கண்டவுடன் இவருக்கு நான் மாற்றிவிட்டேன் என்று பிடிபட்டுவிடும். வீடு வரைக்கும் என்னை நக்கலடித்துக்கொண்டே வருவார். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

இவர் வேலை செய்தது துறைமுகத்துப் பக்கம், படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற ஒரு தனியார் ஆலையில். பெரிய ஐஸ் கட்டிகளை மெசினுக்குள் தள்ளி அரைத்துக் கொடுக்க வேண்டும். மெசினை ஓடவிடுகிறவர் கிண்ணியாவிலிருந்து வருகிற முனீப் நானா. கத்தினால் இவருக்குக் கேளாது என்பதால் இரண்டு பேரும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். சுவிச்சைப் போட முதல் நானா ஒரு சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டுவார், இவர் பதிலுக்குக் கையைத் தூக்குவார், அதற்குப் பிறகுதான் மெசின் ஓடும். ஒன்பது வருடத்தில் ஒருநாளும் பிசகியதில்லை. ஆலையில் வேறு எவனும் இவருடைய கைப்பாஷையைப் படிக்க மினக்கெடவில்லை. நானா மட்டும் படித்தார். நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து, அதற்கும் ஓர் அடையாளத்தை இவரோடு சேர்ந்து உண்டாக்கினவர் அவர்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, பத்துப் பன்னிரண்டு படகு ஐஸுக்கு நின்ற நேரம். நானா துணியைக் காட்டினார். இவர் கண்டார், கையைத் தூக்கினார். பிறகு ஒரு துண்டு இறுகி நிற்பதைக் கண்டு, மெசின் வேகம் பிடிக்க முதல் தட்டிவிடலாம் என்று கையை உள்ளே விட்டார். வலது கையில் பெருவிரலும் சின்ன விரலும்தான் மிஞ்சின. அந்த மெசினுக்கு மூடி இருந்திருந்தால் கை உள்ளே போயே இருக்காது. மூடி போட்டால் வேலை சுணங்கும் என்று முதலாளிதான் கழற்றி வைத்தவர், நாசமாய்ப் போவார். நானா தான் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் கையைக் கட்டி, விழுந்த விரல்களை ஐஸுக்குள் போட்டு, ஓட்டோவில் கொண்டுபோனார். பொருத்த ஏலாது என்று டொக்டர் சொன்னபோது அழுதது நானாதான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கட்டிலில் கண் முழித்தவுடன் இவர் கட்டுப் போட்ட கையைத் தன் புருவத்துக்குக் கொண்டுபோனார். இழுக்க விரல் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இடது கையால் இழுத்துக் காட்டினார். அப்போதுதான் நான் அழுதேன்.

முதலாளி ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. ஊமையனுக்குப் பாவம் பார்த்து வேலை கொடுத்தது தன்னுடைய பிழை என்று ஆட்களிடம் சொல்லித் திரிந்தார். நான் நட்டஈடு கேட்டு எழுதிப்போட்டேன். பத்து மாதம் அலைந்தேன். இவர் முன்னரே அங்கவீனர்தானே, இதில் புதிதாக என்ன இழப்பு என்று ஐஸ் ஆலைக் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. கை போனால் இவர் எப்படிக் கதைப்பார் என்று நான் நட்டஈட்டுக் கந்தோரில் கேட்டேன். கதைக்காத ஆள்தானே அம்மா என்றார் அங்கிருந்த எழுதுவினைஞர். அந்த ஆளின் மேசையைப் பிரட்டிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

எங்களுக்காக வந்த சட்டத்தரணிப் பிள்ளை ஒரு விசயத்தை ஒளிக்காமல் சொன்னாள். எச்சரிக்கையைக் கண்ட பிறகும் வேண்டுமென்றே கையை விட்டார் என்று கொம்பனி நிறுவினால் எங்களுக்கு ஒரு சதமும் வராது. மூடியைப் பற்றிக் கதைத்தும் பிரயோசனமில்லை. விபத்து நடந்த கிழமையே புது மூடி போட்டுப் படமும் எடுத்து வைத்துவிட்டார்கள். ஆகவே எல்லாம் அந்தச் சிவப்புத் துணியில்தான் நின்றது.

விசாரணை நாளன்று கந்தோர் வாசலில், டவுனுக்குள் திரிகிற மான்களில் ஒன்று நின்று, யாரோ எறிந்த விண்ணப்பப் படிவத்தை மென்றுகொண்டிருந்தது. இவர் அதைக் காட்டி, எங்களுடையதையும் இப்படித்தான் தின்றிருக்கும் என்றார். உள்ளே போனால் மற்றப் பக்கத்து மர வாங்கில் முனீப் நானா இருந்தார். கொம்பனிதான் அவரைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தது. இவர் அவரைக் கண்டதும் தாடையைத் தடவிச் சிரித்தார். நானா மேசைக்குக் கீழே கையை வைத்து, சுகமா என்று கேட்டார்.

நானா சாட்சிக்காரர், இவருடைய கைப்பாஷை வேறு ஒருவருக்கும் விளங்காது என்பதால் மனைவியே மொழிபெயர்க்கட்டும் என்று விசாரணை செய்த ஐயா சொன்னார். கொம்பனிக்காரரும் சம்மதித்தார்கள். வேதப்புத்தகத்தைத் தொட்டு, உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று சத்தியம் செய்துவிட்டு இவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

"மெசின் ஓட முதல் சிவப்புத் துணி காட்டினதோ எண்டு கேளுங்கோ" என்றார் ஐயா.

கேட்டேன். இவர் இடது கையால் ஆறுதலாக, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகக் காட்டினார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. துணி தூக்கினது. நான் கண்டது. நான் கையைத் தூக்கினது. ஐஸ் இறுகினது, எனக்கு அவசரம், நான்தான் விட்டேன். பிறகு தாடையைத் தடவி, நானாவில் பிழை இல்லை என்றார். மூடி இல்லாததுதான் பிழை என்றார். தனியே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிற மனுசன் வேறு எப்படிச் சொல்வார்?

"துணி காட்டேல்லயாம், சேர்" என்றேன் நான்.

பதினான்கு வருடம் இவரோடு கதைத்துக் கதைத்து, என் வாய் பேசினால் கையும் கூடவே பேசும். ஃபோனில் கதைக்கும்போதும் அசைந்துகொண்டிருக்கும். அன்றைக்கும் வாய் பொய் சொன்ன நேரம் என் கை மடியிலிருந்து எழும்பி, துணி இல்லை என்று இவருக்கு முன்னாலேயே காட்டிவிட்டது. காட்டி முடிந்த பிறகுதான் நான் அதைக் கண்டேன்.

இவர் என் கையையே பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்தார். அந்த அறையில் இவருடைய கையும் என்னுடைய வாயும் இரண்டும் விளங்கின ஒரே ஆள் நானாதான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இவர் எழும்பிவிட்டார். இல்லை, இல்லை, இவள் பிழையாகச் சொல்கிறாள், துணி காட்டினது, காட்டினது. இடது கை வேகமாகப் போனது. சும்மா கிடந்த வலது கையும் தன்பாட்டில் எழும்பி, இல்லாத விரல்களால் துணியைப் பிடித்துக் காட்டப் பார்த்தது. என்ன சொல்கிறார் என்று ஐயா கேட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். என் கைகளை நான் மடிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கை நோகுதாம், சேர்."

ஐயா நல்ல மனுசன். பாவம், இருக்கச் சொல்லுங்கோ என்று சொல்லி, ஆளை அனுப்பி ஒரு கிளாஸ் தண்ணீர் எடுப்பித்துக் கொடுத்தார். இவர் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அதிலேயே இவருக்கு விளங்கியிருக்க வேண்டும். குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு இருந்தார்.

பிறகு நானாவைக் கூப்பிட்டார்கள். துணி காட்டினதாக நீர் எழுதித் தந்திருக்கிறீர், இவர் இல்லை என்கிறாரே என்று ஐயா கேட்டார். நானா இவருடைய காற்சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு அவசரம், சேர். மறந்திட்டன் போல" என்றார்.

நட்டஈடு கிடைத்தது. அதற்கு முதலே, விசாரணை முடிந்த அடுத்த கிழமை, நானாவை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். நானாவுக்கு இப்படி ஆகும் என்று யோசிக்கவில்லை என்று சொன்னால் அது என்னுடைய மூன்றாவது பொய். யோசித்தேன். நானாவுக்குப் பத்து விரலும் இருக்கிறதுதானே என்று யோசித்தேன்.

அன்றைக்குப் பைக்குள் போன கை எனக்காக இன்னும் வெளியில் வரவில்லை. கோபம் காட்டமாட்டார். போட்டதைச் சாப்பிடுவார், முற்றம் கூட்டுவார், என் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைப்பார். ஆனால் நான் முன்னால் போய் நின்று கையைத் தூக்கினால் கண்ணை மூடிக்கொள்வார். காது கேளாதவர் கண்ணையும் மூடிவிட்டால் நான் எந்தப் பக்கத்தால் போய்த் தட்டுவது? முழங்காலில் நின்றேன். மூடின கண்ணுக்கு முன்னால் பைத்தியக்காரி மாதிரி, மன்னியுங்கோ மன்னியுங்கோ என்று காட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சுவாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டவர் மன்னிப்பார், ஆனால் முதலில் யாருக்குச் செய்தாயோ அவரிடம் போ என்றார்.

இவர் பின்னேரங்களில் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை நானும் கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன். சீனன்குடா தாண்டும் வரைக்கும் நல்ல மழை. முனீப் நானா இப்போது பாலத்தடியில் தள்ளுவண்டி வைத்து அன்னாசி வெட்டி விற்கிறார். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இவர் இருந்தார்.

இவர் கதைத்துக்கொண்டிருந்தார். வயிறு குலுங்கச் சிரித்துச் சிரித்து, இரண்டு கையாலும் கதைத்துக்கொண்டிருந்தார். சும்மா தொங்கிய அந்த வலது கை இப்போது வேலை செய்தது. பெருவிரலும் சின்ன விரலும் சேர்ந்து என்னவோ சொல்லின, முழங்கை சொன்னது, வண்டிப் பலகையில் தட்டினால் அதற்கும் ஒரு அர்த்தம் இருந்தது. நானா ஓம் ஓம் என்று தலையாட்டிப் பதில் சொன்னார். மிஞ்சின விரல்களுக்கென்று இரண்டு பேரும் புதிதாக ஒரு பாஷையை உண்டாக்கி வைத்திருந்தார்கள். தாடையைத் தடவுவது ஒன்றைத் தவிர எனக்கு அதில் ஒன்றுமே விளங்கவில்லை.

என்னைக் கண்டதும் இவருடைய கைகள் நின்றன.

நான் நானாவின் முன்னால் போய் நின்று அழுதேன். ரோட்டால் போன சனம் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். நானா கத்தியை வைத்துவிட்டு என்னை ஸ்டூலில் இருக்கச் சொன்னார்.

"விடுங்கோ தங்கச்சி. அவனுக்குக் கிடைக்க வேண்டியதுதானே கிடைச்சது" என்றார்.

அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இவரை என்னோடு ஒரு சொல் கதைக்கச் சொல்லுங்கோ நானா, ஏசுகிறதென்றாலும் ஏசட்டும் என்று கெஞ்சினேன். நானா இவர் பக்கம் திரும்பிக் கையால் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

ஏழு மாதத்துக்குப் பிறகு இவர் என்னை நேராகப் பார்த்தார். கண் மூடவில்லை. பையிலிருந்து கைகளை எடுத்தார். என் நெஞ்சு அடித்த அடியில் எனக்கே காது கேட்கவில்லை. என்னைப் பார்த்தபடியே சொன்னார், வடிவாக, ஆறுதலாக, நிறையச் சொன்னார். ஆனால் எல்லாம் அந்தப் புதுப் பாஷையில். நாங்கள் இரண்டு பேரும் உண்டாக்கினதில் ஒரு சொல்லைக்கூட எடுக்கவில்லை. புருவத்துப் பக்கம் கை போகுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. சொல்லி முடித்துவிட்டு, பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

"என்ன நானா சொல்றார்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியைப் பதினான்கு வருடமாக எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள்.

நானா ஒரு அன்னாசியை எடுத்தார். வெட்டவில்லை. அதை வைத்துவிட்டு, கத்தியைத் துணியால் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கை நோகுதாம், தங்கச்சி" என்றார்.