குறியீடாக நின்ற காலம்

எங்கள் ஊர்க் கல்லூரியில் ஒரு நாவலைப் பாடமாக வைத்தால், அதில் வருகிறவர்களும் வகுப்புக்கு வந்துவிட வேண்டும். நாயகனுக்கு முதல் பெஞ்சு. கருப்பொருளுக்கு ஜன்னலோரம், அது பெரும்பாலும் தூங்கும். நான் குறியீடு என்பதால் என்னைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்.

நாவலாசிரியர் என்னைப் பார்த்தது ஒரே ஒரு முறை. மில் வாசலில், கொட்டுகிற மழையில், மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி நனைந்துகொண்டிருந்தேன். அதை அப்படியே எழுதிவிட்டார். மடக்கிய குடை என்றால் தோற்றுப்போன புரட்சி என்று பேராசிரியர் வில்சன் முடிவு செய்தார். அன்றிலிருந்து நான் மனிதர் கணக்கில் இல்லை.

நான் பலமுறை சிறை போனவன். துண்டறிக்கை படித்தே அரசியல் கற்றவன். சிறையில்கூட வார்டர்கள் என்னை ஓர் ஆளாக மதித்துத்தான் அடித்தார்கள். குறியீடாக இருப்பது அதைவிடச் சிரமம். மில்லில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுங்கள் என்று வாயிற்கூட்டத்தில் பேசினால், மேனேஜர் கண்ணை மூடித் தலையாட்டுவார்.

"ஆழமாச் சொல்லிட்டீங்க தோழர். கழிப்பறைன்னா விடுதலைதானே?"

பெண்கள் பழையபடி தண்டவாள ஓரம் போவார்கள். போன மாதம் அங்கே வேலம்மாளைப் பாம்பு கடித்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். பாம்பை வஞ்சகம் என்று மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

குறியீட்டுக்கு விடுதலை கிடைக்க ஒரு வழிதான் உண்டு. அதற்கு உள்ளர்த்தம் ஏதுமில்லை என்று வகுப்பில் யாராவது காட்ட வேண்டும். மணி அடிக்கும்வரை மற்றவர்கள் வேறு அர்த்தம் சொல்லாமல் இருக்க வேண்டும். ஆனால் அர்த்தத்துக்கு அங்கே பஞ்சமே இருந்ததில்லை. குடைக்கம்பிகள் சாதியமைப்பு. கறுப்புத் துணி தாயின் மறைவு. ஒருவன் என் இருமலை வைத்தே முழு மதிப்பெண் வாங்கினான்.

ஒரு நாள் மாலை வாயிற்கூட்டம் இருந்தது. அன்று காலை வகுப்பில் பேச்சியம்மாள் என்ற மாணவி எழுந்தாள்.

"தோழரே, அந்தக் குடைக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"நோட்டீஸ். வெளிய வச்சிருந்தா போலீஸ் பிடுங்கிரும். ஷிப்ட் விடுறதுக்கு முன்னாடி குடைய விரிச்சா எல்லாம் கொட்டிரும்."

"அப்ப மழை பெஞ்சா?"

"நோட்டீஸ் நனையாதும்மா. நாமதான் நனையணும்."

குடையை விரித்தேன். பெஞ்சுகளின் மேல் நோட்டீஸ் கொட்டியது. ஆளுக்கொன்று எடுத்துப் படித்தார்கள். கழிப்பறை வேண்டும் என்று இருந்தது. வில்சனும் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாயகன் ஒரு பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். யாரும் வேறு அர்த்தம் சொல்வதற்குள் மணி அடித்தது.

இனி நான் வெறும் துணைப்பாத்திரம்தான், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வில்சன் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். எனக்குக் கிடைத்த பட்டங்களிலேயே பெரியது அதுதான். படியிறங்கும்போது வயிறாரச் சாப்பிட்டவன்போல் இருந்தது.

மாலையில் மில் வாசலில் அதே கோரிக்கையைப் பேசினேன். மேனேஜர் கண்ணை மூடவில்லை. எத்தனை வேண்டும் என்று எரிந்து விழுந்தார். அந்த எரிச்சலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

"எட்டு."

"ஆறு கட்டித் தரேன்."

"எட்டு. தண்ணியோட."

தொலையட்டும் என்று கையெழுத்துப் போட்டார். வேலம்மாள்தான் முதலில் கைதட்டினாள். மில்லின் புகைக்கூண்டுக்குக் காது கொஞ்சம் மந்தம். அது குனிந்து, கடைசியில் என்ன பேசி முடித்தீர்கள் என்று கேட்டது. மைக்கை அதன் பக்கம் திருப்பி, இன்னொரு முறை சொன்னேன்.