மூன்று வரை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. சொந்த எண் மூன்றோடு முடிந்துவிடுகிற ஒரு பாஷை, ஒரு சாவு வீட்டாரை எப்படித் தலைநிமிர வைத்தது என்று சொல்கிறேன்.

தினேஸ்வரியின் தோளில் தண்ணீர்க் குடத்தை ஏற்றிவிட்டுப் பெரியப்பா ஐயாவு கத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். மலேசியாவில் கோப்பெங் பக்கத்துத் தோட்டத்து இடுகாடு. சுற்றிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வருஷமாகிவிட்டது. குழியருகே பெட்டியில் அவள் அம்மா முத்தம்மா.

"பொம்பளப் புள்ள குடம் எடுக்கறதா?" என்று இழுத்தவர்களை ஐயாவுதான் அடக்கினார். "ஒரே மக லா. வேற யாரு எடுப்பா?"

முத்தம்மா என்பது, ஐயாவுவின் தம்பி சன்னாசியைக் கட்டிக்கொண்டு வந்த நாளில் இந்த வீட்டார் வைத்த பேர். அவள் மலையடிவாரத்துச் செமாய்ப் பழங்குடிக்காரி. அவள் பாஷையில் ஒன்று நனு, இரண்டு நார், மூன்று நி. நான்கிலிருந்து மலாய் எண்தான். ரப்பர் பால் வாளிகளை அவள் அப்படி எண்ணும்போதெல்லாம் ஐயாவுக்குக் கொண்டாட்டம்.

"ஏம்மா, ஒங்க ஆளுங்களுக்கு நாலாவது புள்ள பொறந்தா மலாய்க்காரன கூப்பிட்டுத்தான் எண்ணுவீங்களா?"

"மூணு எங்களுது மாமா. மிச்சம் யாருதா வேணா இருக்கட்டும்" என்று அவளும் சிரிப்பாள்.

தினேஸ்வரியும் பெரியப்பாவோடு சேர்ந்து சிரித்தவள்தான். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில், "கூட்டாளிங்க முன்னால அப்படி எண்ணாதம்மா" என்றாள். அம்மா அதன்பிறகு எண்ணவே இல்லை. அந்த மூன்று சொல்லுக்கு மேல் மகளுக்கு அந்த பாஷை வராமலே போயிற்று.

தாய்மாமன் பா ஊடாவும் அவர் ஆட்களும் வேலியோரம் நின்றிருந்தார்கள். யாரும் விரட்டவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

கத்தி கிடைத்தது. "நட. நான் எண்ணுறேன்."

"வேணாம் பெரியப்பா. நானே எண்ணுறேன். அம்மா பாஷையில."

"இப்ப எதுக்கு அது? சாங்கியம்னா சாங்கியமா நடக்கணும்."

"மூணு சுத்துதானே? மூணு அம்மாகிட்டயே இருக்கு. வேற யாருகிட்டயும் போக வேணாம்."

ஐயாவு கத்தியோடு அவள் பின்னால் வந்து நின்றார்.

முதல் சுற்று முடிந்தது. கத்திமுனை குடத்தைக் கொத்த, "நனு" என்றாள். வேலியோரம் பா ஊடா தொப்பியைக் கழற்றினார்.

இரண்டாவது சுற்றில், "நார்."

அவள் குரலோடு அங்கிருந்து இன்னொரு குரலும் சேர்ந்து வந்தது.

மூன்றாவது சுற்றில் அவள் எண்ணாமல் வேலிப்பக்கம் பார்த்தாள். ஐயாவு ஓங்கிய கத்தியோடு அப்படியே நின்றார். எண் வராமல் அவர் கொத்துவதாக இல்லை. வேலிப்பக்கம் திரும்பிக் கையை வீசினார்.

"மச்சான்! மாரி சினி, இங்க வாங்க! அங்கேயே நின்னா எப்படி லா? எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. மூணாவது நீங்க சொல்லணும்!"

இத்தனை வருஷத்தில் பா ஊடாவை அவர் மச்சான் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் வந்தார்கள். குழியைச் சுற்றி நின்றார்கள். சின்னஞ்சிறு சொல், பத்துப் பன்னிரண்டு தொண்டையிலிருந்து ஒன்றாகக் கிளம்பியது.

"நி."

ஐயாவு கொத்தினார்.

குடத்தை உடனே போட்டுவிட வேண்டும். தினேஸ்வரி போடவில்லை. அவளை யாரும் அவசரப்படுத்தவுமில்லை. மூன்று ஓட்டைத் தண்ணீரும் முதுகை நனைத்து, சேலை வழியாகக் குதிகாலுக்கு இறங்க, அவள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் எத்தனை பாஷை வந்து ஏறினாலும் அத்தனைக்கும் பாய் விரிந்திருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும்.