தௌலியு நிலையத்தில் மூப்பர் ஹேமண்ட் தனியாக நின்ற நேரம்

1

இந்தக் கதையின் நடுப்பகுதி எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். தெரிந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். தொடக்கத்தையும் கடைசியையும் கண்ணால் பார்த்தேன். நடுவில் நான் ஓடும் ரயிலுக்குள் இருந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தைவானின் தெற்கே, வெயில் கொளுத்திய ஒரு காலைப்பொழுதில், தொலைதூர தேசத்து இளைஞன் ஒருவன் தன்...'

வேண்டாம். எங்கள் ஊரில் வெயில் கொளுத்துவது செய்தியே இல்லை.

இன்னொன்று: 'மூப்பர் ஹேமண்டுக்குப் பத்தொன்பது வயது.' (மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் வீடு வீடாகப் பிரசங்கிக்கும் ஊழியத்துக்குப் போகும் பையன்கள் எல்லோருமே மூப்பர்கள்தான். எனக்கு இருபத்தொன்று, நான் மூப்பர் சியூ. இருவர் தலையிலும் தேடினால்கூட ஒரு நரை கிடைக்காது.) இது நன்றாக இருக்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

2

ஹேமண்ட் அமெரிக்காவின் ஐடஹோவில் மாடுகளோடு வளர்ந்தவன். நான் இதே தைவானின் ஹுவாலியன்காரன். சபை எங்களைச் சோடி சேர்த்தது. சோடி என்றால் சும்மா இல்லை. இரண்டு வருட ஊழியம் முடியும்வரை ஒருவன் கண்ணிலிருந்து மற்றவன் மறையக் கூடாது. குளியலறைக்கு மட்டும் விதிவிலக்கு. கைப்பேசியும் இருவருக்கும் ஒன்றுதான்.

அவன் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அன்று காலை முட்டை ரொட்டிக் கடையில் சொன்னான்.

"நான் ஊருக்குப் போறேன், சியூ."

"எப்ப?"

"வடக்க தைச்சுங் போய் மிஷன் தலைவர்கிட்ட நேர்ல சொன்னா டிக்கெட் போட்டுக் குடுத்துருவாங்களாம்."

"ரொட்டி ஆறுது, தின்னு மூப்பரே."

"வெளையாட்டுக்குச் சொல்லல. கதவத் தட்டி வாயத் தொறந்தா எல்லாரும் சிரிக்கிறாங்க. சீன மொழியில என் குரல் எனக்கே புடிக்கல."

"சிரிச்சா நல்லதுதானடா? மூஞ்சில கதவச் சாத்துனாத்தான் கஷ்டம்."

அவன் சிரிக்கவில்லை. பாதியில் திரும்பினால் அவன் ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கட்டிப்பிடித்து வரவேற்பார்கள். பிறகு ஞாயிறுதோறும் ஆலயத்தில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் சொல்லாத அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இங்கே தங்கினாலோ, கிட்டத்தட்ட முழு ஊழியமும் பாக்கி.

3

தெற்கே ஒரு விசுவாசியின் வீட்டுக்குக் கிளம்பினோம். தௌலியு நிலையத்துக்கு ரயில் வந்தது, நான் ஏறினேன். பின்னால் வந்த ஹேமண்ட், நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் குனிந்து சீன மொழியில் வணக்கம் சொன்னான்.* கதவு மூடிக்கொண்டது. கைப்பேசி என் சட்டைப்பையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாயைப் பிளந்து நின்றான்.

(* வாரக்கணக்கில் நான் தள்ளிவிட்டாலும் யாரிடமும் பேசாதவன் இவன். அன்றைக்குப் பார்த்து ஏன் நின்றான்? நாங்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது: ஆளைக் கண்டால் ரயிலை விட்டுவிட்டு வணக்கம் சொல்வது. அல்லது அது தப்பே இல்லை. என் பாத்திரத்தை எனக்கே முழுதாக நம்ப முடியவில்லை.)

4

இனி கற்பனை. வெட்கப்படாமல் செய்கிறேன்.

நடைமேடையில் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் பெண் ஒருத்தி அவனைக் கூப்பிடுகிறாள்.

"ஏ அழகா! உன் சோடி எங்க?"

"ரயில்ல போயிட்டான், அக்கா."

"ஒத்தச் செருப்பு மாதிரி நிக்கிறியே, பாக்கவே சிரிப்பா வருது. இந்தா, டீ குடி."

"நாங்க டீ குடிக்க மாட்டோம். எங்க சபையில கூடாது."

"இப்பத்தான் பாக்க ஆளில்லையே!"

'அவன் வாங்கிக் குடித்தான்' என்று எழுதினேன். நம்பும்படி இல்லை. அடித்துவிட்டேன். 'தத்துவம் பேசி மறுத்தான்' என்பது அதைவிட மோசம். அவனுக்கு அவ்வளவு சீன மொழி வராது.

"சிரிக்காதீங்க அக்கா," என்கிறான். "தினமும் எல்லாரும் சிரிக்கிறாங்க."

"பின்ன? உன்ன மாதிரி நெட்டையன் எங்க பாஷையத் தப்புத்தப்பாப் பேசுனா சந்தோசத்துல சிரிப்பு வராதா? பேசுறதே பெரிசுடா."

(இதை அவள் சொல்லியிருக்க மாட்டாள். நான் காலையில் அவனிடம் சொல்லியிருக்க வேண்டியது இது, இப்போதுதான் தோன்றியது. இருக்கட்டும்.)

5

இது நடந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி, வடக்கே போகும் ரயில் பிடித்துத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் பயம். அவன் தொலைந்துவிடுவானோ என்று இல்லை, போய்விடுவானோ என்று. இரண்டு மாதத்தில் அவன் எனக்குத் தம்பி ஆகியிருந்தான். அது அந்த ரயிலில்தான் எனக்கே உறைத்தது.

ரயில் நின்றது. கதவு திறந்தால், நேர் எதிரே ஹேமண்ட். பாலம் ஏறி இந்த நடைமேடைக்கு வந்து நிற்கிறான்.

இங்கேதான் சிக்கல். தெற்கிலிருந்து நான் திரும்பி வர வேண்டிய ரயில் இதுதான். தைச்சுங் போகிற ரயிலும் இதுதான். அவன் எனக்காக நின்றானா, ரயிலுக்காக நின்றானா?

முடிவு அ: என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "இனி எங்கும் போக மாட்டேன்..." சகிக்கவில்லை.

முடிவு ஆ: என்னைத் தாண்டி ரயிலில் ஏறி, முகத்தை ஜன்னல் பக்கம்... இதுவும் பொய்.

நான் இறங்கவில்லை. ஒரு காலைப் பெட்டியிலும் ஒரு காலை நடைமேடையிலும் வைத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். ரயில் கார்டு விசில் ஊதினார்.

"நான் எறங்கவா, நீ ஏறுறியா? சீக்கிரம் சொல்லு. எதுன்னாலும் உன்கூடதான் வருவேன்."

"திட்ட மாட்டியா?"

"மாட்டேன்."

அவன் ஒரே ஒரு சொல் சொன்னான், சீன மொழியில், பிழையில்லாமல். அந்தச் சொல் அவனுடையது. அதை நான் எழுதப் போவதில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதைக் கேட்டதும் அந்த வாசலிலேயே நான் அழுதுவிட்டேன். எந்தச் சொல்லாக இருந்தாலும் அழுதிருப்பேன்.