பன்னிரண்டு சட்டிச் சோறு

பாளையம்பட்டி ஆலயத்துக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் பன்னிரண்டு வீட்டு ஆடுகளையும் ஒரே கொட்டகையில் சேர்த்த அன்று, எலிசபெத் அவற்றின் பழைய கயிறுகளை அவிழ்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கயிறு மாட்டினாள். இனி எது யாருடையது என்ற பேச்சே வரக்கூடாது. குட்டியும் பாலும் பொது. அது 1988. பஞ்சாலை மூடியதும் தெருவில் பாதிப்பேர் திருப்பூருக்குப் பஸ் ஏறியிருந்தார்கள். இந்த ஆட்டுப்பட்டி நிலைத்தால் எலிசபெத் ஏற வேண்டியதில்லை. சபைக் கமிட்டி ஒரு வருஷத்துக்குத்தான் இடத்தைக் கொடுத்திருந்தது. இப்போது அதில் பத்து மாதம் ஓடிவிட்டது.

டவுனுக்குள் மேய்ச்சல் ஏது? தீனிதான் ஆட்டைத் தேடி வரவேண்டும். நாளுக்கு ஒரு வீடு முறைவைத்து வேப்பங்குழையும் கருவேல மரத்தின் காய்ந்த நெத்தும் கொண்டுவந்தது. மற்றதை எலிசபெத் பார்த்துக்கொண்டாள். மதுரையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவள் அவள்.

ஆட்டின் முதல் வயிறு ஒரு ஊறல் தொட்டி. இலையைச் செரிப்பது ஆடு அல்ல. அந்தத் தொட்டிக்குள் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். இலை மெதுவாகத்தான் ஊறும். அதனால்தான் ஆடு தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிறது. தொட்டி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, இடது பக்கம் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைக்கவேண்டும். நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தரம் உள்ளே எதுவோ புரண்டு கையை மேலே தள்ளும். தினமும் காலையில் பதினான்கு ஆட்டுக்கும் அப்படிக் கை வைத்துப் பார்ப்பதில் எலிசபெத்துக்கு ஒரு சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அசன விருந்து. தெரு முழுக்க, இந்து வீடுகளும் சேர்ந்தே, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. மிஞ்சிய சோற்றை வீட்டுக்கொரு சட்டியாகப் பங்கிட்டார்கள். ஜெபம் பண்ணிப் பரிமாறிய சோறு. அதை யாரும் மண்ணில் கொட்டமாட்டார்கள். முன்பெல்லாம் அவரவர் ஆட்டுக்கு ஒரு கை வைப்பார்கள். இப்போது ஆடு எல்லோருடையதும். வீட்டுக்குப் போகிற வழியில் பன்னிரண்டு வீட்டாரும் ஒவ்வொருவராகக் கொட்டகையின் தீனித் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் போட்டது அடுத்தவருக்குத் தெரியாது. பிறகு எலிசபெத் அண்டா கழுவப் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது ஒரு ஆடும் அசைபோடவில்லை. படுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. முஷ்டியை வைத்தாள். ஈர மணல் மூட்டையைத் தொட்டது போல இருந்தது. எதுவும் புரளவில்லை.

சோறு இலையைப் போலக் காத்திருக்காது, உடனே புளிக்கும். அந்தப் புளிப்பில் வயிற்றுத் தொட்டியின் உயிர்கள் சாகும். உடம்பிலுள்ள தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கி, ஆடு உள்ளுக்குள்ளேயே காய்ந்துபோகும். கால்நடை ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. புளிப்பை முறிக்க ஆப்பச் சோடாவைக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றி ஒவ்வொன்றுக்கும் புகட்டினாள். மறுநாள் மத்தியானத்துக்குள் ஒன்பது செத்துவிட்டன.

"நான் ஒரு சட்டிதான் போட்டேன், எலிசபெத்து," என்றாள் எதிர்வீட்டு முத்துத்தாய். "சாமி சோறாச்சே, கீழ கொட்ட மனசு வரல."

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். பொய்யில்லை. ஒரு சட்டிச் சோறு பதினான்கு ஆட்டை ஒன்றும் செய்திருக்காது. எதைப் போடவேண்டும் என்று எலிசபெத் பத்து மாதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். எதைப் போடக்கூடாது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

"மொதச் சட்டி நான் போட்டது, அக்கா," என்றாள் எலிசபெத்.

கமிட்டிச் செயலாளர் ஜான்ராஜ் தீனித் தொட்டியை எட்டிப் பார்த்தார். "ஆட்டுக்கும் பந்தி வச்ச தெரு நம்ம தெருதான்," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"இனிமே பாத்துப் போடுவோம்ண்ணே," என்றாள் எலிசபெத். "அஞ்சு உருப்படி இருக்குல்ல."

"அஞ்ச வச்சுக்கிட்டு கமிட்டில இன்னொரு வருஷம் கேக்கச் சொல்றீகளா?"

அதற்குள் ஆட்கள் அவள் எடுத்து வைத்திருந்த பழைய கயிறுகளைக் கேட்டு வர ஆரம்பித்திருந்தார்கள். பிழைத்தவை யாருடையவை என்று காது மடலையும் வயிற்று வெள்ளையையும் வைத்து அடையாளம் சொன்னார்கள். ஒருவரும் மறந்திருக்கவில்லை. புதன்கிழமைக்குள் நான்கு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன.

கடைசியாக நின்றது முத்துத்தாயின் கிடா. எலிசபெத் அதன் இடுப்புப் பள்ளத்தில் முஷ்டியை வைத்துக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து உள்ளே எதுவோ மெல்லப் புரண்டு கையைத் தள்ளியது.

"அசையுது," என்றாள்.

"பொழச்சுக்கிருமா?" என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற முத்துத்தாய்.

"பொழச்சுக்கிரும்."

"அப்ப ஓட்டிக்கிட்டுப் போறேன்," என்றாள், எலிசபெத்தின் முகத்தைப் பார்க்காமல்.

எலிசபெத் இன்னொரு புரளலுக்காகக் கையை எடுக்காமல் இருந்தாள். அது வந்தது. பிறகு அவளே புதுக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பழைய கயிற்றைக் கட்டிக் கொடுத்தாள்.