காலமைச் சாப்பிட்ட மோதகம்

வேலைக்கு இறங்குமுன் மேற்பார்வையாளர் பிரேமிளா ஒவ்வொருத்தியிடமும் நாள்தோறும் மூன்று கேள்விகள் கேட்பாள். நித்திரை கொண்டீரோ, வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று விசாரித்து முடித்தபின், பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "மருந்து ஏதும் எடுத்தனீரோ?" என்பாள். மிதிவெடி அகற்றும் அந்தப் பெண்களுக்கு அது பழகித் தேய்ந்துபோன கேள்வி. இல்லையென்று சொல்லி, கையொப்பமிட்டு, முகக்கவசத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அன்று பிரஷாந்தினி மட்டும் சற்றுத் தாமதித்தாள்.

"காலமை ஒரு மோதகம் சாப்பிட்டனான்."

வரிசை முழுவதும் சிரித்தது. "பிள்ளையாருக்கு வைச்சதைக் களவெடுத்தனீங்களோ அக்கா? எங்களுக்கும் ரெண்டு கொண்டந்திருக்கலாம்," என்றாள் பின்னால் நின்ற லக்சிகா. பிரேமிளாவும் சிரித்தபடியே 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டாள்.

பிரஷாந்தினி பொய் சொல்லவில்லை. மல்லாவியில் அவள் போய்ப் பார்த்த ஆயுர்வேத வைத்தியர் சிவலட்சுமி, நெய்யும் சர்க்கரையும் சேர்த்து உருட்டிய அந்தக் கரும்பச்சை உருண்டையை மோதகம் என்றுதான் சொன்னார். பிரஷாந்தினிக்கு இரண்டு வருடமாக ஓயாத வயிற்றுவலியும் போக்கும். ஆஸ்பத்திரியில் படமெடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலில் பழுதொன்றுமில்லை, இது ஐ.பி.எஸ் என்னும் குடல் உறுத்தல் நோய் என்று பெயர் மட்டும் சொல்லி அனுப்பினார்கள். சிவலட்சுமிதான் கையைப் பிடித்து நாடி பார்த்தபின் மறைக்காமல் சொன்னார்: "இதில கஞ்சா இலை சேருது பிள்ளை. எனக்கு அனுமதி இருக்கு, பயப்பிடாதேங்கோ. ஆனா இரவு படுக்கேக்க மட்டும்தான். நீங்கள் என்ன வேலை?"

"மண் கிண்டுற வேலை," என்றாள் பிரஷாந்தினி. அதுவும் பொய்யில்லை. தோட்டக்காரி என்று வைத்தியர் எண்ணிக்கொண்டதைத் திருத்தாமல் எழுந்து வந்தாள்.

இரவு உருண்டையில் வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் வெட்டவெளியில், எல்லை குறித்த சிவப்புத் தலைக் குச்சிகளுக்கிடையே, ஒரு மீற்றர் அகலமுள்ள தன் பாதையில் முழந்தாளிடும்போது வயிறு தன் பழைய கணக்கைத் தொடங்கிவிடும். அவள் கையை உயர்த்துவாள். அவள் கழிப்பறைக்குப் போய் மீளும்வரை, விதிப்படி, பக்கத்துப் பாதைகளிலும் வேலை நிற்கும். முந்தின நாள் ஐந்து தடவை நின்றது. "நாளைக்கும் இப்பிடியெண்டால் உம்மைக் குசினிக்குத்தான் மாத்த வேணும். கோவியாதையும்," என்றாள் பிரேமிளா. பதினொரு வருடம் இந்த மண்ணில் முழந்தாளிட்டவளைச் சோறு காய்ச்சச் சொல்வதா? புருஷனில்லாத வீட்டில் அவளுடைய சம்பளத்தில்தான் உலை கொதித்தது. அந்த எண்ணத்தோடுதான் அன்று விடிகாலையில் இன்னொரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள்.

இப்போது வெயில் ஏறியிருந்தது. ஒரு மணி நேரமாக வயிறு மூச்சுக் காட்டவில்லை. அடிவயிற்றில் யாரோ ஈரச் சீலையொன்றை மடித்து வைத்ததுபோன்ற குளிர்மை. இப்படியும் ஓர் உடம்போடு மனிதர் வாழ்கிறார்களா என்று அவளுக்கு வியப்பாயிருந்தது.

கையிலிருந்த, மண்ணுக்குள் உலோகம் காட்டும் டிடெக்டர் கூவியது.

அந்த ஒலிக்கு எப்போதும் முதலில் பதில் சொல்வது அவளுடைய குடல்தான். அது சுருண்டபின்தான் மூளைக்கே சேதி போகும். இன்று குடல் பேசாமலிருந்தது. அவள் ஒலி வந்த இடத்துக்கு இப்பால் ஒரு குச்சியை ஊன்றினாள். அதன் சிவப்புத் தலையை நோக்கி ஓர் எறும்பு ஏறியது. நடுவில் நின்றது, திரும்பியது, மறுபடி ஏறியது. ஒலி எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. எறும்பை எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரியவில்லை. மண்ணைக் குத்தும் கம்பி மட்டும் கையில் ஆயத்தமாக இருந்தது.

கம்பியைத் தனக்குப் பின்னால் வைத்துவிட்டு அவள் கையை உயர்த்தினாள்.

"மோதகம் வேலையைக் காட்டிப்போட்டுது!" லக்சிகாவின் குரலுக்குப் பாதைகள்தோறும் சிரிப்பு எழுந்தது. பிரேமிளா வழக்கம்போலத் தண்ணீர்ப் போத்தலோடு பாதையின் வாசலுக்கு வந்து நின்றாள். பிரஷாந்தினி ஒவ்வொரு அடியாக நடந்து வந்து, முகக்கவசத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். நீட்டிய போத்தலை வாங்கவில்லை.

"அக்கா, காலமை மருந்துக்கு 'இல்லை' எண்டு சரி போட்ட அந்தக் கொப்பியை ஒருக்கா எடுங்கோ."

அவளுக்குப் பின்னால், தனியே நின்ற குச்சியின் சிவப்புத் தலையில் ஏறிவிட்ட எறும்பு, மேலே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது.