தூக்கத்துக்கும் ஒப்பந்தம்

விழித்திருக்கும்போது என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் தூங்கிவிட்டாரென்றால் அருவியாகக் கொட்டுவார். இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் படுப்பார். நீலத் திரைச்சீலை வழியாக வெயில் நீலமாக இறங்கித் தரையில் கிடக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெத்தை உறை தைத்துக்கொண்டிருப்பேன். அவர் பேசினால் மெஷினை நிறுத்திப் பதில் சொல்வேன். எங்கள் குடித்தனம் பாதி அந்த நேரத்தில்தான் நடந்தது.

அவர் ஒரு மெத்தைக் கம்பெனியில் ஃபோம் பிரிவில் இருந்தார். வாளியளவு கலவை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆளுயரத்துக்குப் பொங்கி நிற்குமாம். தூக்கத்திலும் அதன் முன்னால்தான் நிற்பார். “திருப்பிப் போடு, அடிவயிறு இன்னும் சூடா இருக்கு” என்பார். “போட்டாச்சு” என்பேன். “நீ சாப்பிட்டியா?” என்பார். விழித்திருக்கும்போது ஒரு நாளும் கேட்டதில்லை, பாவி மனுஷன்.

பிறகு, நான் உறை தைத்துக் கொடுக்கும் கம்பெனிக்கே மாறி வந்தார். இரண்டு வருஷத்துக்கு வேறெங்கும் ஃபோம் வேலை செய்யக்கூடாது, தொழில் ரகசியத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று பழைய இடத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் பேக்கிங்கில் போட்டார்கள். அவரும் ஃபோம் பிரிவுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

வினை என் தம்பி உருவில் வந்தது. அவன் புதுக் கம்பெனியில் ஃபோம் பிரிவு. லீவு நாளில் வீட்டுக்கு வந்தவன், மாமாவுக்குப் பக்கத்திலேயே படுத்தான். மறுநாள் வேலையில், சூடு ஆறுமுன் ஒரு ஃபோம் கட்டியைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறான். நடுவில் குழி விழும் மெத்தை அதன்பின் குழி விழவேயில்லை. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. தங்கள் ரகசியம் வெளியே போனது காதில் விழுந்தால் பழைய கம்பெனி சும்மா இருக்குமா? வக்கீல் நோட்டீஸ் வந்தது.

வக்கீல் அறையில் இவர் யாரிடமும் சொல்லவில்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். யாரும் நம்பவில்லை. வேலையும் போய் வழக்கும் வரும் போலிருந்தது.

“சொன்னார் சார். ஆனா தூக்கத்துல சொன்னார்” என்றேன்.

தம்பியும் தலையைக் குனிந்தபடி ஒப்புக்கொண்டான். தான் தூக்கத்தில் பேசுவதே இவருக்கு அன்றுதான் தெரியும். தெரிந்தால் அதையும் நிறுத்திவிடுவார் என்று நான்தான் சொல்லாமல் வைத்திருந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கடைசியில் சமரசம் பேசினார்கள். புதுக் கம்பெனி இனி கட்டியைத் திருப்பக்கூடாது. கெடு முடியும்வரை, இந்தத் தொழிலில் இருக்கும் யார் காதிலும் விழும்படி இவர் தூங்கக்கூடாது. உறை தைப்பவளும் அதில் அடக்கமாம். வேலையை விடு, இல்லை வேறு அறையில் படு. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வரவில்லை. அன்றே கம்பெனி கொடுத்த தையல் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பகலில் அவர் படுத்தார். பக்கத்தில் படுத்துக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து உதடு அசைந்தது. உடனே அவர் கை எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது. ஆள் நல்ல தூக்கத்தில்தான் இருந்தார்.

“பேசுங்க, நான்தான். இங்க வேற யாரும் இல்ல” என்றேன்.

கையை மெல்ல விலக்கிப் பார்த்தேன். இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.