மூன்று முக்தார்கள், ஒரு கோப்பு

என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

கடல் தாண்டிப் பிழைக்கப் படகேறிக் காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் சங்கம் எங்களுடையது. கடலோர ஊரான ஜர்ஜிஸின் கடைத்தெருவில், மீன்வலைக் கடைக்கு மேலே ஒரே அறை. தாய்மார்கள் கொடுத்த படங்களும் குரல் பதிவுகளும் ஒரு பழைய கணினியில் குப்பையாகக் கிடந்தன, நாலாயிரத்துச் சொச்சம். சங்கத்தை நடத்தும் லுத்ஃபி அண்ணன் முன்பு மீன்பிடித்தவர். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, முகம் பார்த்து, பெயர் மாற்றி, கோப்புறையில் போடுவார். நாளொன்றுக்கு முப்பது முடிந்தால் பெரிது.

"இப்படிப் போனா கியாமத் நாள் வரைக்கும் முடியாதுண்ணே. நான் கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதுறேன். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"டீ ஆறுனா ஆறட்டும்டி ஒல்ஃபா. புள்ளைங்க பத்திரம்" என்றார்.

நான் கேட்டால்தானே. இருபது வரி எழுதினேன். அனுப்பியவரின் எண்ணை வைத்துப் பட்டியலில் பிள்ளையின் பெயரைத் தேடும்; படத்துக்கு அந்தப் பெயரை வைத்து, உரிய கோப்புறைக்கு நகர்த்தும். 'கடைசிப் படம்' என்று தனியாக ஒரு கோப்புறை. படகேறும் முன் கரையில் எடுத்து அனுப்பியது, பிள்ளைக்கு ஒன்றே ஒன்று. ஓடவிட்டேன். ஒரு பிழைகூடக் காட்டவில்லை. எல்லாம் அழகாக வரிசையில் நின்றன. நான் கர்வத்தோடு டீயைக் குடித்தேன்.

அதே வாரம் மப்ரூக்கா பெரியம்மா வந்தார். மகன் முக்தார் போய் இரண்டு மாதம். அவருடைய பழைய போன் நிரம்பி, அழைப்புகூட எடுக்காமல் நின்றுவிட்டது.

"எந்நேரம் அவன் கூப்பிடுவானோ, இது செத்துக் கெடக்கே மவளே."

"படமெல்லாம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு பெரியம்மா" என்று சொல்லி, போனில் இருந்த படங்களையெல்லாம் அழித்துக் கொடுத்தேன். கையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

செவ்வாய் காலையில் வேறோர் ஊர் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது. முகம் இல்லை. நீலச் சட்டை, தோளில் வெள்ளைக் கோடு. யாருடைய கடைசிப் படத்திலாவது அந்தச் சட்டை இருந்தால் பிணவறையில் வைத்து, தாயின் ரத்தத்தோடு ஒப்பிடுவார்களாம். இல்லையென்றால் மதியமே எண் போட்டு அடக்கம். இடமில்லையாம்.

உடல் இரண்டு மாதம் பழையது என்றதால், முக்தார் ஏறிய படகில் போனவர்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்தச் சட்டை எதிலும் இல்லை. அதற்குள் சேதி கேட்டு மப்ரூக்கா பெரியம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார்.

"எம் புள்ளையக் காட்டு."

'முக்தார் ஹம்ரூனி கடைசி' என்ற கோப்பைத் திறந்தேன். சிவப்புச் சட்டை போட்ட பையன் சிரித்தான்.

"இது அவன் இல்லையே. இது என் கொழுந்தன் மவன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் வைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். ஹம்ரூனி வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூவரின் தலைப்பிள்ளையும் முக்தார். மூவரும் ஒரே படகில் போனார்கள். அம்மாரின் முக்தார், பஷீரின் முக்தார் என்று அப்பன் பெயரைச் சேர்த்துத்தான் நாங்கள் கூப்பிடுவோம். என் வீட்டிலேயே இரண்டு ஸாலிஹ் உண்டு. எனக்குத் தெரியாதா? அப்பன் பெயரை ஸ்கிரிப்டில் சேர்க்கத் தோன்றவில்லை. ஒரே பெயரில் மூன்று படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கடைசியாக வந்தது மட்டும் தங்கிவிட்டது.

அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் வந்தன. லுத்ஃபி அண்ணன் என்னைத் திட்டவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.

"பெரியம்மா, உங்க முக்தாரோட படத்த நான்தான் அழிச்சிட்டேன்."

 

மேசையில் போன் அடித்தது. குழி வெட்டியாகிவிட்டது, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"பெரியம்மா, தினமும் அந்தப் படத்தப் பாத்தீங்களே. அவன் என்ன சட்டை போட்டிருந்தான்? நீலமா?" என்றார் லுத்ஃபி அண்ணன்.

"சொல்லாமக் கொள்ளாமப் போனவன். எவன்கிட்ட எரவல் வாங்கிப் போட்டானோ..." கண்ணை மூடி யோசித்தார். "நான் சட்டையப் பாக்கலியே, லுத்ஃபி. அவன் முகத்தையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

பிறகு சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உனக்கு எளவயசுக் கண்ணு. நீயும் பாத்திருப்பியே மவளே. நீலமா? சொல்லு, நீலமா?"

போனில் அந்த ஆள் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான்.

"நான் படத்தையே பாக்கல பெரியம்மா. பேரை மட்டுந்தான் பாத்தேன்."

லுத்ஃபி அண்ணன் போனை எடுத்து, தெரியவில்லை என்றார். மதியத் தொழுகைக்குப் பிறகு அந்த உடலைப் புதைத்தார்கள். எண் நாற்பத்தேழு.